கூடையோடு எடை

அத்தியாயம் 11

வேலை உத்தரவு கைக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கடைசி வரிக்கு முந்தின வரியை, வந்த அன்றே இரண்டாம் முறை படித்தபோதுதான் ஷீனா கவனித்தாள். பணியாளர் சொந்தமாக லேப்டாப் வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று சனிக்கிழமை.

வேலை கம்பெனியில் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். மலையில் காப்பியும் மிளகும் போடுகிற விவசாயிகள் நானூறு பேர் சேர்ந்து நடத்துவது. ஏற்காட்டில் இரண்டு அறை, ஒரு மேலாளர். ஷீனாவுக்குக் கொடுத்திருந்தது ஊர் ஊராகப் போகிற வேலை. தோட்டத்தில் நின்றபடியே எத்தனை மரம், எத்தனை கொடி, எதில் வேர் அழுகல் என்று கணினியில் ஏற்ற வேண்டும். வரைபடத்தில் தோட்டத்தின் எல்லை போட வேண்டும். போன் திரையில் அது ஆகாது. மாரமங்கலம் வரைக்கும் பஸ் இருக்கிறது. செம்மநத்தம் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால் மிச்சமெல்லாம் கால்தான். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர், சில நாள் பத்து. இவளுக்கு முன்னால் இருந்தவர் நாலே மாதத்தில் நின்றுவிட்டார்.

லேப்டாப்புக்கான பணம் அப்பா சூசைமாணிக்கத்தின் பணிக்கொடையிலிருந்து வந்தது. முப்பத்தோரு வருஷம் எஸ்டேட்டில் எடை போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் தராசை விடவில்லை. குடியிருக்கிற வாழவந்தியிலேயே கந்தசாமியின் மிளகு செட்டில், அதாவது மிளகு வாங்குகிற கொட்டகையில், இப்போது எடை பார்க்கிறார். பணம் கொடுப்பவர் கடைக்கும் வருவார். அதில் பேச்சுக்கே இடமில்லை.

அம்மா தேவகுமாரிக்கு அன்று சேலம் பெரியாஸ்பத்திரியில் கழுத்தைக் காட்டுகிற நாள். அதே எஸ்டேட்டில் முப்பது வருஷம் பழம் பறித்துத் தலையில் சுமந்தவள். கழுத்தெலும்பு தேய்ந்து, இரண்டு வருஷமாகப் பட்டை போட்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவாள்.

ஆக மூன்று பேரும் முதல் பஸ்ஸில் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வேலை பதினொன்றரைக்கு முடிந்தது. அஞ்சு ரோட்டில் கடைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு.

கடையில் லோகேஷ் என்று சட்டையில் பெயர் குத்திய விற்பனையாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். என்ன பட்ஜெட், எதற்கு என்று கேட்டார். ஷீனா வாயைத் திறப்பதற்குள் சூசைமாணிக்கம் ஐம்பதிலிருந்து அறுபது ஆயிரத்துக்குள் என்றும், வேலைக்கு என்றும், நல்லதாக இருக்கோணும் என்றும் சொல்லி முடித்துவிட்டார்.

லோகேஷ் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது கறுப்பு. தடியானது. விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளையாடுகிறவர்கள் வாங்குவது, ஆனால் எந்த வேலைக்கும் தாங்கும், இன்றைக்கு ஆஃபர் இருக்கிறது என்றார். இரண்டாவது வெள்ளி நிறம், தகடு போல. மூன்றாவது சாம்பல். பார்க்க ஒன்றும் இல்லை. ஆபீசுகளுக்கு மொத்தமாகப் போகிற மாடல் என்று அவரே அக்கறையில்லாமல் சொன்னார்.

சூசைமாணிக்கம் திரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கினார். மிளகு கொண்டு வருகிறவர்களிடம் ஒரு கை அள்ளிப் பார்ப்பாரே, அப்படி. வெள்ளியை இரண்டு விரலில் தூக்கி, உடனே கீழே வைத்தார். கறுப்பை எடுத்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"இதான் கண்ணு. கை வெச்சதுமே தெரியுது."

ஷீனா கனமாக இருக்கிறதே என்றாள்.

"கனமா இருக்கறதுதான் சரக்கு. லேசா இருந்தா பொக்கு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மிளகில் அப்படித்தான். ஒரு லிட்டர் படியில் மிளகை நிரப்பி எடை போடுவார்கள். ஐந்நூற்றைம்பது கிராமுக்குக் கீழே நின்றால் உள்ளே சத்து இல்லை, விலை இறங்கும். காப்பிப் பழத்தைத் தொட்டியில் கொட்டினால் நல்லது மூழ்கும், சொத்தை மிதக்கும். வாழ்நாள் பூராவும் கனத்தை வைத்தே நல்லது கெட்டதைப் பிரித்த மனிதர். ஒரே விலையில் இரண்டு பொருள் இருந்தால், ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு கனத்தால், கனமானதை விட்டுவிட்டு வருகிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் அவர் நினைப்பார்.

ஷீனா பத்து நாளாக விசாரித்திருந்தாள். கல்லூரியில் கூடப் படித்த மரியா ஓசூரில் வேலை பார்க்கிறாள், அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தாள். ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தோட்டத்தில் பிளக் கிடையாது, பேட்டரி சாயங்காலம் வரை நிற்க வேண்டும். வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். ரிப்பேர் என்றால் மலை மேல் ஆள் வர வேண்டும். பதினாறு ஜிபி ரேம் போதும், அதற்கு மேல் போடுகிற காசு வீண். இவ்வளவும் தாளில் இருந்தது. தாள் பைக்குள் இருந்தது.

அவள் மறுபடியும், எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டுமே என்று ஆரம்பித்தாள். அப்பா சிரித்தார். கறுப்புக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் ஒரு கிலோ இருக்குமா என்று லோகேஷிடம் கேட்டார். ஒரு கிலோ சொச்சம் என்று லோகேஷ் சொன்னார்.

"ஒரு கிலோவெல்லாம் ஒரு எடையா சாமி?" என்றார் மகளிடம். "எளசுல ஒரு கிலோவுக்குப் பயந்தா எப்புடி?"

லோகேஷும் ஆமாம் சார் என்றார். ஆஃபர் மாடல் போக வேண்டும் அவருக்கு.

ஷீனாவின் கை பைக்குள் இருந்த தாளுக்குப் போனது. ஆனால் அது அவர் காசு. முப்பத்தோரு வருஷத்துக் காசு. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இன்றைக்குக் கறுப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவள்தான் அதைத் தூக்கிக்கொண்டு செம்மநத்தம் ஏற வேண்டும், தினமும். முன்னால் இருந்தவரைப் போல நாலு மாதம். அதற்குப் பிறகு மறுபடியும் வீடு.

தேவகுமாரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடையின் குளிர் கழுத்துக்கு ஆகவில்லை என்று சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சூசைமாணிக்கம் நியாயமாக நடப்பவர். மகள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத் தராசு இருக்கிறதா என்று கேட்டார். வாயில் சொல்வது எதற்கு, போட்டே பார்த்துவிடலாம். பார்சல் அனுப்புகிற மேசையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு இருந்தது. லோகேஷ் எடுத்து வந்து வைத்தார்.

தராசைப் பார்த்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். மேசை சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தட்டைத் துடைத்தார். சுழியத்துக்கு வந்ததா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, லேப்டாப்பைத் தனியாக எடுத்து, சார்ஜரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு எடை போட்டார்.

கறுப்பு இரண்டு கிலோ முந்நூறு. வெள்ளி ஒரு கிலோ இருநூற்றைம்பது. சாம்பல் ஒரு கிலோ நானூற்று இருபது.

"பாத்துக்கோ. ஒரு கிலோதான்."

"ஏனுங்க," என்றாள் தேவகுமாரி. "அந்தக் கறுப்புக் கட்டியை எதுக்கு ஓரமா எடுத்து வெச்சீங்க?"

சார்ஜரைச் சொன்னாள். கறுப்பு லேப்டாப்பின் சார்ஜர் செங்கல்லில் பாதி இருந்தது.

"அது சரக்குல சேராது. கழிவு."

"அதை யாரு சுமக்கறது?"

அவர் தட்டை மறுபடியும் துடைத்தார்.

எஸ்டேட் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் பெண்கள் பழத்தைச் சுமந்து வந்து எடை போடுகிற இடத்தில் இறக்குவார்கள். கூடைக்கும் சாக்குக்கும் சேர்த்து ஒரு கிலோ கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவார்கள். அதற்குத்தான் கூலி. எல்லா இடத்திலும் நடப்பதுதான், யாரும் கேட்க மாட்டார்கள்.

"கூடைக்கு ஒரு கிலோ கழிச்சீங்க. சரி, எல்லாத்துக்கும் அதேதான்," என்றாள் தேவகுமாரி. குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொன்ன அதே குரல். "ஆனா கூடையும் என் தலை மேலதானுங்க வந்துச்சு. அதைக் கீழ வெச்சுட்டா வந்தேன்?"

"இப்ப எதுக்கு அது?"

"எனக்கு மட்டும் ரெண்டு கிலோ கழிச்சீங்க."

லோகேஷ் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

ஷீனா அம்மாவைப் பார்த்தாள். பிறந்த இருபத்தாறு வருஷத்தில் இதை அவள் வீட்டில் கேட்டதில்லை. சண்டை நடந்த நாளிலும் கேட்டதில்லை.

சூசைமாணிக்கம் தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்டாட்டிக்கு ஏத்திப் போடறான்னு நாலு பேரு பேசுவாங்க. அதான்."

"தெரியுமுங்க. அன்னிக்கே தெரியும். அதனாலதான் கேக்கல." அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "ஒரு கிலோவெல்லாம் ஒரு எடையான்னு இன்னிக்குப் புள்ளைகிட்டக் கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் சொன்னேன். நீங்க சுமந்தது தராசு. மூட்டையைச் சுமந்தது நானு."

அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளர் வந்து பிரிண்டர் மை இருக்கிறதா என்று கேட்டார். லோகேஷ் நல்ல வேளை என்பதுபோல அவரோடு நகர்ந்தார்.

சூசைமாணிக்கம் ஓரமாக வைத்த சார்ஜரைக் கையில் எடுத்தார். பிறகு கறுப்பு லேப்டாப்பைத் தட்டில் வைத்து, அதன் மேல் சார்ஜரையும் வைத்தார். மூன்று கிலோ நூறு. லோகேஷ் திரும்பி வந்ததும், தம்பி, இதோட கொடுக்கிற பையையும் கொண்டாங்க என்றார். பையையும் சேர்த்தபோது மூன்றே முக்காலைத் தாண்டியது. அந்த எண்ணை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. கறுப்பைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"நீ சொல்லு கண்ணு," என்றார். "என்ன கேக்கோணுமோ நீயே கேளு."

ஷீனா தாளை வெளியே எடுத்தாள்.

வெள்ளியில் பேட்டரி எவ்வளவு நேரம் என்றாள். ஏழு மணி நேரம் என்று லோகேஷ் அட்டையைப் படித்தார். அது கம்பெனி சொல்வது, வெளிச்சத்தை முழுசாக வைத்துப் படத்தில் எல்லை போட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு என்று கேட்டாள். லோகேஷ் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நாலு மணி நேரம் வரலாம், உறுதி சொல்ல முடியாது மேடம் என்றார். அப்படியானால் சார்ஜரையும் தினமும் சுமக்க வேண்டும். தோட்டத்தில் அதைச் செருக இடமும் இல்லை.

சாம்பல்? அட்டையில் பதினொன்று போட்டிருக்கிறது, கையில் ஏழு மணி நேரம் நிற்கும் என்றார். அவருடைய ஆபீஸ் வாடிக்கையாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்களாம். முக்கியமாக, போன் சார்ஜர் முனையே இதற்கும் சேரும். பவர் பேங்கிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

அப்பா வெள்ளியை அதன் சார்ஜரோடு தட்டில் வைத்தார். ஒரு கிலோ அறுநூற்றெண்பது. பக்கத்தில் சாம்பலைத் தனியாக. ஒரு கிலோ நானூற்று இருபது.

"சுமக்கற எடையில இதான் கம்மி," என்றார். அவர் சொன்னதில் சந்தோஷம் இல்லை. ஆனால் எடை சரி.

அடுத்தது வெயில். இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் ஷீனா. லோகேஷ் காவலாளியிடம் கை காட்டிவிட்டுக் கூடவே வந்தார். மதியம் ஒரு மணி வெயில், அஞ்சு ரோட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் இல்லை. வெள்ளியைத் திறந்து பிடித்தாள். பளபளவென்ற திரை. சூசைமாணிக்கம் குனிந்து பார்த்தார்.

"என் மூஞ்சிதான் தெரியுது."

"அது கூடுதலாக் காசு குடுக்காமயே தெரியுமுங்க," என்றாள் தேவகுமாரி பின்னாலிருந்து. அவளும் எழுந்து வந்திருந்தாள். லோகேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூசைமாணிக்கமும் பாதி சிரித்தார்.

சாம்பலின் திரை மங்கல். கடைக்குள் அழகாக இல்லை. வெயிலில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

ரிப்பேர் விஷயம் கொஞ்சம் இழுத்தது. வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள் என்று லோகேஷ் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று ஷீனா கேட்டாள். வாழவந்தியின் பின்கோடு கணினியில் ஏறவில்லை. ஏற்காட்டு நம்பரைப் போட்டதும் ஏறியது. அப்படியானால் ஆபீஸ் விலாசத்தையே போடுங்கள் என்றாள். மூன்று வருஷ வாரண்டி, எழுத்தில் வேண்டும் என்றாள். கிடைத்தது. ஐம்பத்தேழாயிரம் சொன்னதை ஐம்பத்தைந்தரைக்குக் கொண்டு வந்ததும் அவள்தான். அப்பா வாயைத் திறக்கவில்லை. பில்லில் மகள் பெயரைப் போடச் சொன்னதோடு சரி.

வெளியே வந்து மூன்று பேரும் ஒரு கடையில் சாப்பிட்டார்கள். சூசைமாணிக்கம் தன் இலையிலிருந்த அப்பளத்தை மனைவி இலையில் வைத்தார். அவள் அதைத் தின்னவில்லை, ஒதுக்கவும் இல்லை. முப்பது வருஷத்தை ஒரு அப்பளத்தில் முடித்துவிட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது. குலுங்காத முன் சீட்டில் ஜன்னலோரம் தேவகுமாரி, பக்கத்தில் ஷீனா, நடைவழிக்கு அந்தப் பக்கம் அப்பா. புதுப் பை ஷீனாவின் மடியில். கறுப்பு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவள் அவள்தான், அம்மா சொல்லிவிட்டாள். அது மட்டும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. மற்றபடி மடியில் கனமே இல்லை.

அடிவாரத்தில் பஸ் நின்றபோது போன் அடித்தது. மேலாளர் பிரபாகர். மலையிலேயே பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. அன்பாகத்தான் பேசுவார். லேப்டாப் வாங்கியாயிற்றா என்று கேட்டார். எவ்வளவு எடை என்றார். ஒரு கிலோ நானூற்று இருபது என்றாள். நல்ல தேர்வு, நடக்கிற வேலைக்கு அதுதான் சரி என்றார்.

பிறகு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்து மெஷினை வாங்கிக்கொள்ளச் சொன்னார். என்ன மெஷின்? மிளகில் ஈரம் பார்க்கிற மெஷின். இந்த சீசனிலிருந்து ஒவ்வொரு விவசாயி களத்திலும் வைத்துப் பார்த்து ஏற்ற வேண்டும் என்று போன வாரக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. சின்னதுதான், மூன்றரை கிலோ.

"பையிலயே போட்டுக்கலாமுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஷீனா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்று அப்பா கேட்டார். சொன்னாள்.

தேவகுமாரி உடம்போடு திரும்பி மகளின் மடியிலிருந்த பையைப் பார்த்தாள்.

சூசைமாணிக்கம் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்தபடி, "மூணரை மெஷின் மட்டும்," என்றார். "அதுக்குன்னு மரப்பெட்டி ஒண்ணு இருக்குது. அளக்கற டப்பா, பேட்டரி எல்லாம் சேத்து அஞ்சரை வரும். கந்தசாமி செட்டுல தெனமும் தூக்கி வெக்கறவன் நானு. பெட்டியில்லாமக் கொண்டு போனா ரெண்டே நாள்ல அளவுல பொய் சொல்லும்."

அஞ்சரையும் இதுவும் சேர்ந்தால் ஏழு கிலோ. தண்ணீர் பாட்டிலும் சோறும் தனி. மதியம் கடையில் வேண்டாம் என்று மூடி வைத்த கறுப்பைப் போல, அதன் சார்ஜரைச் சேர்த்தே, இரண்டு மடங்குக்கு மேல்.

பஸ் கிளம்பியது. முதல் வளைவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஷீனா பிரபாகரின் நம்பரை எடுத்தாள்.

"என்ன சொல்லப் போற?" என்றார் அப்பா.

"மெஷினைத் தூக்க யாரு ஆளுன்னு கேக்கப் போறனுங்கப்பா."

"வேலையில சேரறதுக்கு முன்னாலயேவா?"

ஷீனாவின் விரல் நின்றது. அவர் கேட்டதும் நியாயம்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. இந்த வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் பட்டியலும் அந்த ஆபீசில் இருக்கிறது.

"கேட்டுரு சாமி," என்றாள் தேவகுமாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "சேந்தப்பறம் கேக்க வாய் வராது."

ஷீனா அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுங்க ஷீனா," என்றார் பிரபாகர்.